ஐரோப்பாவில் எம்.பி.ஏ. படிக்கத் தமிழ்ப்பள்ளி தடையா?



கடந்த மாதம் ஒரு நாள், பள்ளி முடிந்து மாணவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த வேளையில், ஆண்டு இரண்டில் பயிலும் என் மாணவி ஒருத்தியின் தந்தையார் என்னைக் காண வந்தார். மகளை அனைத்துலகப் பள்ளி ஒன்றுக்கு மாற்றப் போவதாகவும், மாற்றல் பாரத்தைக் கையோடு கொண்டு வந்திருப்பதாகவும் கூறினார். காரணம் கேட்டேன். அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்:

"டீச்சர், நான் தமிழுக்கு எதிரி அல்லன். வீட்டில் தமிழில்தான் பேசுகிறோம். ஆனால் எங்கள் நிறுவனத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மேலாளர் இன்சியாட்டில் எம்.பி.ஏ. படித்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் முன்னால் நான் கைகட்டி நிற்கிறேன். என் மகள் அப்படி நிற்கக் கூடாது. அவளும் அங்கே போய்ப் படிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கினால் அது நடக்குமா? நீங்களே சொல்லுங்கள்."

என்னிடம் விடை இல்லை. தாய்மொழியின் சிறப்பைப் பற்றி மேடையில் பேசும் வாசகங்கள் நாவின் நுனிவரை வந்தன. அவர் கேட்ட கேள்விக்கு அவை விடையாகா என்பதால் விழுங்கிக்கொண்டேன். பாரம் அலுவலகத்துக்குப் போயிற்று, பிள்ளையும் போய்விட்டாள்.

எங்களுடையது 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட ஜொகூர் மாநிலச் சிறு பள்ளி. இத்தகைய பள்ளியில் ஒரு பிள்ளை விலகினால் ஒரு நாற்காலி மட்டும் காலியாவதில்லை. அடுத்த ஆண்டு அவளுடைய தம்பி வரமாட்டான். அண்டை வீட்டாரும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பர். ஆகவே அந்தத் தந்தையாருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைக் காலம் தாழ்ந்தாவது இங்கே எழுதுகிறேன். இது அவர் ஒருவருக்கான விடை அன்று. இதில் என்னைப் போன்ற ஆசிரியர்களைச் சுடும் பகுதியும் உண்டு. பொறுமையுடன் இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

அது எத்தகைய பள்ளி?

நாம் எதை நோக்கி ஓடுகிறோம் என்பதை முதலில் அறிந்துகொள்வோம். இன்சியாட் என்பது, ஐரோப்பிய வணிக நிர்வாகக் கழகம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். பாரிஸ் மாநகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபோந்தேன்புளோ என்னும் ஊரில் 1957-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் டோரியோ. பிரான்சில் பிறந்து அமெரிக்கா சென்று, ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராக விளங்கியவர் அவர். 1959-இல் முதல் எம்.பி.ஏ. வகுப்பு அவ்வூர் அரண்மனையில் தொடங்கியது.

2000-ஆம் ஆண்டில் அப்பள்ளி ஆசியாவில் ஒரு வளாகத்தைத் திறந்தது. எங்கே தெரியுமா? சிங்கப்பூரில், ஆயர் ராஜா அவென்யூவில். ஜொகூர் பாரு பாலத்தில் நெரிசல் இல்லையென்றால் ஒரு மணி நேரத்திற்குள் அதன் வாசலில் போய் நிற்கலாம். ஐரோப்பா என்று நாம் மலைத்து நோக்கும் பள்ளி நம் கொல்லைப்புறத்திலேயே இருபத்தைந்து ஆண்டுகளாக இயங்கி வருகிறது.

எம்.பி.ஏ. படிப்பு அங்கே பத்தே மாதங்கள். ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவில் பயில்கின்றனர். மாணவரின் சராசரி வயது ஏறத்தாழ 29. அதாவது, பட்டம் பெற்று ஐந்தாறு ஆண்டுகள் வேலை செய்தவர்களே பெரும்பாலும் சேர்கின்றனர். கல்விக் கட்டணம் மட்டும் ஒரு லட்சம் யூரோ என்னும் அளவில் நிற்கிறது. நம் நாட்டு வெள்ளியில் ஏறக்குறைய ஐந்து லட்சம்! தங்கும் செலவும், வேலையை விட்டதால் இழக்கும் சம்பளமும் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கைப் பெற்றோர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். என் மாணவிக்கு வயது எட்டு. அவள் அந்த வாசலில் நிற்பதற்கு இன்னும் இருபத்தோர் ஆண்டுகள் உள்ளன. அதற்கிடையில் அவள் இடைநிலைப்பள்ளியை முடிக்க வேண்டும், எஸ்.பி.எம். எழுத வேண்டும், பட்டம் பெற வேண்டும், வேலையில் சேர வேண்டும், அவ்வேலையில் சொல்லத்தக்க எதையாவது சாதிக்க வேண்டும். இத்தனை படிகளையும் தாண்டி, அவளுடைய ஆண்டு இரண்டு வகுப்பின் பயிற்றுமொழிதான் அவளைத் தடுத்து நிறுத்தும் என்று எந்த ஆதாரத்தைக் கொண்டு முடிவு செய்தோம்?

அவர்கள் மொழியை எப்படிப் பார்த்தார்கள்?

இப்போது அந்தத் தந்தையார் அறியாத, அன்று நானும் அறியாத ஒரு செய்திக்கு வருகிறேன்.

இன்சியாட் தோன்றிய 1957-ஆம் ஆண்டில்தான் ரோமாபுரி உடன்படிக்கை கையெழுத்தாகி, ஐரோப்பியப் பொருளியல் சமூகத்திற்கு வித்திடப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினான்கே ஆண்டுகளில், ஒருவரையொருவர் சுட்டுக்கொன்ற நாடுகளின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து வாணிகம் பயின்றனர். அதனால்தான் தொடக்கக் காலத்தில் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகள் அங்கே கேட்கப்பட்டன. மற்றவன் மொழியை அறியாதவன் அவனோடு வாணிகம் செய்ய முடியாது. செய்தாலும் நிலைக்காது என்பது அவர்கள் போரில் கற்ற பாடம்.

காலப்போக்கில் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. ஆயினும் மொழி பற்றிய எண்ணத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. சேரும்போது ஆங்கிலத்தோடு இன்னொரு மொழி தெரிந்திருக்க வேண்டும். பட்டம் பெற்று வெளியேறுவதற்குள் மூன்றாவது மொழியிலும் அடிப்படைத் தேர்ச்சி காட்ட வேண்டும். இதுவே அப்பள்ளி நெடுங்காலம் கடைப்பிடித்த விதி. கணக்கியலும் நிதியியலும் படித்துக் களைத்த மாணவர்கள், பட்டம் கைநழுவிவிடக் கூடாதே என்று ஸ்பானிய மொழி வகுப்புக்கும் ஜெர்மன் வகுப்புக்கும் ஓடியிருக்கிறார்கள்.

இன்சியாட் மட்டுமா? 1964-இல் தொடங்கப்பட்ட லண்டன் வணிகப் பள்ளி, ஆங்கிலத்தின் தாயகத்திலேயே இருந்துகொண்டு, ஆங்கிலம் அல்லாத இன்னொரு மொழியிலும் தன் எம்.பி.ஏ. மாணவர் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டது. பார்சிலோனாவின் ஐ.இ.எஸ்.இ. பள்ளி 1980-இல் ஆங்கிலம், ஸ்பானியம் என இருமொழிகளில் எம்.பி.ஏ.வைத் தொடங்கியது.

பள்ளிகளின் விதிகள் காலந்தோறும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டில் அவரவர் சரிபார்த்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் அவ்விதிகளுக்குப் பின்னால் இருந்த எண்ணத்தைக் கவனியுங்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்தவரை அவர்கள் பாதி ஆயத்தமானவராகவே கருதினர். நாமோ, மூன்று மொழிகளில் வளரும் வாய்ப்புப் பெற்ற ஒரு பிள்ளையிடமிருந்து ஒரு மொழியைப் பிடுங்கிவிட்டு, அதற்கு முன்னேற்பாடு என்று பெயர் சூட்டுகிறோம்!

நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஏழு வயதிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுகிறது. ஃபோந்தேன்புளோவில் இருபத்தொன்பது வயதுக்காரர் இரவில் விழித்திருந்து தேடிக்கொள்ளும் ஒன்றின் விதை நம் பிள்ளையின் புத்தகப்பையில் கிடக்கிறது. அதனைப் பாரமென்று இறக்கி வைப்பவர்கள் நாம்தாம்.

எழக்கூடிய மறுப்புகள்

"மலாய் ஒன்றே இரண்டாம் மொழியாகப் போதுமே, தமிழ் எதற்கு?" என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. ஆம், இரண்டாம் மொழி என்னும் கட்டத்தை நிரப்ப மலாய் போதும். தமிழை எம்.பி.ஏ.வுக்கான நுழைவுச்சீட்டாக நான் விற்க வரவில்லை. சந்தையில் விலை போகிறதா என்று பார்த்துத் தாய்மொழியைக் கற்பிக்கும் இனம், சந்தை விலை இறங்கும்போது அதனைக் கைவிட்டுவிடும். நான் சொல்வது இவ்வளவே: சந்தையைக் காரணம் காட்டித் தமிழை விலக்குவோர், அந்தச் சந்தை உண்மையில் எதைக் கேட்கிறது என்பதையாவது அறிந்திருக்க வேண்டும்.

"ஆங்கிலம் வேண்டாமா?" வேண்டும். ஐயமே இல்லை. அங்கே சேர விரும்புவோர் ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. தேர்வு எழுத வேண்டும். ஜிமேட்டில் ஆங்கிலப் பத்திகளைப் படித்து, அவற்றிலுள்ள வாதத்தின் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். நுனிநாக்கு ஆங்கிலம் இதற்கு உதவாது. ஆழ்ந்து படிக்கும் பழக்கமே உதவும். அப்பழக்கம் முதலில் எந்த மொழியில் எளிதாக வேர்விடும்? பிள்ளைக்குப் புரியும் மொழியில்தான். கல்வியைத் தாய்மொழியில் தொடங்குவதே சிறந்தது என்று யுனெஸ்கோவின் வல்லுநர் அறிக்கை 1953-லேயே கூறிவிட்டது. நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் இதனைத் தேர்வுக்காக மனனம் செய்தேன். வகுப்பறைக்கு வந்த பிறகே இதன் பொருளை உணர்ந்தேன்.

2003-இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்ததை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இளம் ஆசிரியையாக நானும் அப்படிக் கற்பித்தேன். "எவபொரேஷன்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஈரத்துணி ஏன் காய்கிறது என்று கேட்டால் ஒரு கையும் உயராது. தமிழில் கேட்டால் பத்துக் கைகள் உயரும். அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் என்னும் பெயரில் அதே விவாதம் மீண்டும் வந்தது. சொல் தெரிவதை அறிவு என்று எண்ணி மயங்குவது நமக்குப் பழைய நோய்.

அதே வேளையில், தமிழ்ப்பள்ளியின் ஆங்கிலப் பாடம் இன்னும் தரமாக வேண்டும் என்னும் பெற்றோரின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. அக்கோரிக்கையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உரத்துக் கேளுங்கள். மாற்றல் பாரத்தில் கேட்காதீர்கள்.

என் பழைய மாணவியின் கதை

இனி, எங்களைச் சுடும் பகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். தோட்டப்புறத்தில் பிறந்து, எங்கள் பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, பொறியியல் பட்டம் பெற்று, மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி வந்தவள். இன்சியாட்டுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். ஜிமேட்டில் நல்ல புள்ளிகள் பெற்றிருந்தாள். அலுவலக மேலாளரின் பரிந்துரைக் கடிதமும் கிடைத்துவிட்டது. ஆயினும் முகம் வாடியிருந்தது.

"கட்டுரைதான் டீச்சர் வரவில்லை," என்றாள்.

எனக்கு வியப்பு! யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழ்க் கட்டுரைக்கு 'ஏ' வாங்கியவள் அவள்.

அவர்கள் கேட்ட கட்டுரைகளைப் பற்றி விளக்கினாள். உன்னைப் பற்றி ஒளிக்காமல் எழுது. உன் பலம் எது, குறை எது, உன்னை உருவாக்கியவை எவை என்பது ஒன்று. நீ மிகவும் பெருமைப்படும் சாதனை எது, நீ தோற்ற நிகழ்வு எது என்பது மற்றொன்று. இவ்வகைக் கேள்விகளை அப்பள்ளி பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறது.

"இரண்டு வாரமாகக் கணினி முன் உட்காருகிறேன் டீச்சர். தோற்றதைப் பற்றி ஒரு வரி கூட வரமாட்டேன் என்கிறது. பள்ளியில் யாரும் நம்மை இப்படிக் கேட்டதே இல்லையே! 'நான் ஒரு மிதிவண்டி' என்றால் இப்போதும் இரண்டு பக்கம் எழுதிவிடுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, எண்ணிப் பாருங்கள். தன்கதைக் கட்டுரை என்று நாம் எதை எழுத வைக்கிறோம்? நான் ஒரு மிதிவண்டி, நான் ஒரு குடை, நான் ஒரு புத்தகப்பை. தொழிற்சாலையில் பிறந்தேன், கடையில் விலைக்கு வைக்கப்பட்டேன், ஒரு சிறுவன் என்னை வாங்கினான், இறுதியில் குப்பைத் தொட்டியில் கிடக்கிறேன். ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் மிதிவண்டியின் தன்கதையைப் பழுதின்றி எழுதுகிறார்கள். தம் கதையை எழுதியதே இல்லை. மரபுத்தொடர் இரண்டு, பழமொழி ஒன்று, உவமைத்தொடர் ஒன்று என்று அளந்து கொடுத்து, அழகிய முன்னுரையை மனனம் செய்ய வைத்து, புள்ளி வாங்கிக் கொடுத்தோம். அந்தத் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. பழக்கம் அகலவில்லை. இத்தனை ஆண்டுப் பணியில், 'நான் தவறிய ஒரு நாள்' என்று நான் ஒரு தலைப்பும் கொடுத்ததில்லை.

இது தமிழின் குறையா? இல்லை. தமிழைக் கற்பித்த என் குறை.

அன்று அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "முதலில் தமிழில் எழுது. யாருக்கும் காட்ட வேண்டாம். எனக்கும் வேண்டாம்." மறுவாரம் தொலைபேசியில் அழைத்தாள். மூன்று பக்கம் எழுதிவிட்டதாகச் சொன்னாள். தொழிற்சாலையில் இரவு நேரப் பணியின்போது, பரிசோதனையில் ஐயத்திற்குரிய ஒரு தொகுதிப் பொருளை அவள் அனுமதித்திருக்கிறாள். தவறென்று தெரிந்த பிறகும், அஞ்சி ஒரு நாள் முழுவதும் யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். பொருள்கள் திரும்பி வந்தன. பழி அவளுக்குக் கீழே பணிபுரிந்த ஓர் இளைஞன்மீது விழவிருந்தது. அப்போதுதான் வாய் திறந்திருக்கிறாள். "ஆங்கிலத்தில் எழுதும்போதெல்லாம் அந்த ஒரு நாளை விட்டுவிட்டே எழுதினேன் டீச்சர். தமிழில் எழுதும்போது விட முடியவில்லை," என்றாள்.

அதன் பின்னரே அதனை ஆங்கிலத்தில் எழுதினாள். முதல் முறை இடம் கிடைக்கவில்லை. அடுத்த முறை கிடைத்தது. வங்கிக் கடனுடன்தான் படித்தாள், இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறாள். தமிழில் எழுதியதால்தான் இடம் கிடைத்தது என்று நான் வாதிட மாட்டேன். உழைப்பும் உண்டு, வாய்ப்பும் உண்டு. ஆனால் அவள் தன்னிடமே மறைத்த உண்மை முதலில் தமிழில்தான் வெளிவந்தது. இதை நான் எந்தக் கல்வி மாநாட்டிலும் கேட்டதில்லை.

வகுப்பறையில் அவளுக்கு உதவியது எது?

படித்து முடித்து வந்த பிறகு அவளிடம் விரிவாகக் கேட்டேன். தொடக்க மாதங்களில் ஐந்தாறு பேர் கொண்ட குழுவைப் பள்ளியே அமைத்துக் கொடுக்கும். நண்பரைத் தேர்ந்தெடுக்க முடியாது. வெவ்வேறு நாடு, வெவ்வேறு தொழில் என்று வேண்டுமென்றே கலந்து வைப்பார்கள். ஒரே குழுவாக வேலை செய்து ஒரே அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். எந்த ஒரு நாட்டவரும் அங்கே பெரும்பான்மை இல்லை. ஆகவே யாருடைய பழக்கமும் பொதுப் பழக்கமாக இருக்க முடியாது.

பாடங்களில் பல, ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலைப் பத்து இருபது பக்கங்களில் கொடுத்து, "நீ அந்த நிருவாகியாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்பவை. முடிந்த முடிபாக ஒரே விடை இருக்காது. வகுப்பில் வாய் திறந்து பேச வேண்டும். பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு.

"ஆங்கிலம் சிரமமாக இருந்ததா?" என்று கேட்டேன். "எல்லாருடைய ஆங்கிலத்திலும் அவரவர் ஊர் வாடை இருந்தது டீச்சர். அது பெரிய சிக்கலே இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஏன் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது எனக்குச் சட்டென்று தெரிந்தது. வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, வேலையில் ஒரு மொழி என்று வளர்ந்தவள்தானே நான். கை தூக்கிப் பேசுவதுதான் கடைசி வரை கடினமாக இருந்தது."

கடைசி வாக்கியம் மீண்டும் என்னைச் சுட்டது. கை தூக்கிப் பேசுவதை அவளுக்குக் கற்பிக்காதவர் யார்? "பேசாதே, உட்கார்" என்று நாளொன்றுக்கு இருபது முறை சொல்பவர் யார்? நாம் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் பிள்ளை பேசுவது, ஆசிரியர் எழுதிக் கொடுத்த உரையை. ஏற்ற இறக்கமும் கையசைவும் கூட ஆசிரியருடையவை. எதிர்க்கேள்வி ஒன்று கேட்டால் பிள்ளை அப்படியே நின்றுவிடும். வாதக் கட்டுரையில் இருதரப்பையும் எழுதச் சொல்கிறோம். முடிவை நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

பட்டத்தை வழிபட வேண்டாம்

இவ்வளவு எழுதியதால், எல்லாப் பிள்ளைகளும் ஐரோப்பாவுக்குச் சென்று எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்று நான் கூறுவதாகக் கொள்ள வேண்டா. ஐந்து லட்சம் வெள்ளிச் செலவு எல்லாருக்கும் ஏற்றதன்று. செவிலியராகவும் மின்பணியாளராகவும் ஆசிரியராகவும் வாழ்வது எவ்வகையிலும் தாழ்வன்று.

மேலும், எம்.பி.ஏ. என்னும் மூன்றெழுத்து எல்லா இடங்களிலும் ஒன்றன்று. வேலை அனுபவம் கேட்காமல், நேர்காணல் இல்லாமல், பணம் கட்டினால் சில மாதங்களில் பட்டம் என்று விளம்பரம் செய்வோரிடம் நம் இளைஞர்கள் பலர் சேமிப்பை இழந்திருக்கின்றனர். தெரிந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளி உங்களிடம் வினா எழுப்பும். பழைய மாணவர்களைக் கொண்டு நேர்காணல் நடத்தும். சில வேளை மறுக்கும். உங்களை மறுக்கவே மறுக்காத பள்ளியிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எம்.பி.ஏ. வேண்டுமா என்பதை உங்கள் மகள் தன் இருபத்தேழாம் வயதில் முடிவு செய்யட்டும். எட்டு வயதில் நாம் அவளுக்குச் செய்யக்கூடியவை வேறு.

என்ன செய்யலாம்?

பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள்கள்:

1. மொழியைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். ஆங்கிலம் போதவில்லை என்றால் நாள்தோறும் அரை மணி நேரம் பிள்ளையோடு அமர்ந்து ஓர் ஆங்கிலக் கதைநூலைப் படியுங்கள். அதற்காகத் தமிழைத் தியாகம் செய்யத் தேவையில்லை.

2. இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு, புள்ளி குறையும் என்று அஞ்சி எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்ப் பாடத்தைக் கைவிடச் செய்யாதீர்கள். ஒரு மொழியை முழுமையாகக் கற்றதற்குச் சான்றுத்தாள் கையில் இருப்பது பிற்காலத்தில் எங்கெல்லாம் உதவும் என்று இன்றே சொல்லிவிட முடியாது.

3. இரவு உணவு வேளையில் "எத்தனை புள்ளி வாங்கினாய்?" என்று கேட்பதோடு, "இன்றைக்கு எதில் தவறு செய்தாய்? பிறகு என்ன செய்தாய்?" என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டுத் திட்டாமல் இருங்கள். இதுதான் கடினம்.

ஆசிரியர்களுக்கு, எனக்கும் சேர்த்து, மூன்று:

1. மிதிவண்டிக்கும் குடைக்கும் ஓய்வு கொடுப்போம். மாதம் ஒரு முறையாவது பிள்ளை தன்னைப் பற்றித் தன் சொற்களில் எழுதட்டும். அக்கட்டுரையில் பழமொழியை எண்ண வேண்டாம்.

2. வாரத்தில் ஒரு பாடவேளையாவது விடை முடிவாகாத கேள்வியைக் கொடுப்போம். சிற்றுண்டிச்சாலையில் உணவு வீணாகிறது, என்ன செய்யலாம்? பிள்ளைகள் குழுவாகப் பேசட்டும். நாம் வாய் மூடி இருப்போம்.

3. எழுதிக் கொடுத்த உரையை ஒப்புவிக்கும் போட்டிக்குப் பின் இரண்டு எதிர்க்கேள்விகளைச் சேர்ப்போம். பிள்ளை தடுமாறினால் தடுமாறட்டும். எட்டு வயதில் தடுமாறுவது மலிவு. இருபத்தொன்பது வயதில் அது விலை மிக்கது.

அந்தத் தந்தையாருக்கு

ஐயா, அன்று நீங்கள் கேட்டீர்கள்: "தமிழ்ப்பள்ளியில் தொடங்கினால் அது நடக்குமா?"

நடக்கும். நடந்திருக்கிறது. தோட்டப்புறத்திலிருந்து வந்த ஒருத்திக்கு நடந்தது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் படித்தால் போதும், தானாக நடந்துவிடும் என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். நீங்களும் உழைக்க வேண்டும். அதைவிட நாங்கள் மாற வேண்டும். உங்கள் மகள் யார் முன்னாலும் கைகட்டி நிற்கக் கூடாது என்றீர்கள். எனக்கும் அதே விருப்பம்தான். ஆனால் தன் வீட்டு மொழியை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரும்படி எட்டு வயதில் கேட்கப்பட்ட பிள்ளை, மனத்தளவில் அன்றே கைகட்டக் கற்றுக்கொள்கிறது. இதை மட்டும் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

உங்கள் மகள் விட்டுச் சென்ற கட்டுரை நோட்டுப் புத்தகம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளலாம். அவளையும் அழைத்து வாருங்கள்.

வரும் திங்கட்கிழமை ஆண்டு ஐந்து மாணவர்களுக்குக் கட்டுரைப் பாடம். தலைப்பைக் கரும்பலகையில் எழுதும் முன் நானே அதனை எழுதிப் பார்த்தேன்: 'நான் தவறிய ஒரு நாள்'. மேலே நீங்கள் படித்த, ஒரு தந்தையார் என்னைக் காண வந்த அந்த நாள்தான் அது.

மாற்றுக் கருத்துடையோர் தயங்காமல் எழுதுங்கள். கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை